ரூம் நம்பர் ஒன்பதில் கன்ட்ரி

சவுதி அரேபியா முழுவதும் சல்லடை போட்டுச் சலித்தாலும், வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் குடிகாரன் என்று பேர் வாங்கிய மனிதர் ஒரே ஒருத்தர்தான் தேறுவார். அவர் எங்கள் கேம்ப்பில் எனக்கு எதிர்க்கட்டிலில் படுத்திருந்தார். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தவர் அரபியும் இல்லை, போலீஸும் இல்லை. பரமக்குடிப் பக்கத்தில் இருந்த அவருடைய சொந்தப் பெண்டாட்டி.

அவர் பெயர் கன்ட்ரி. பாஸ்போர்ட்டில் ஏதோ முருகன் பெயர் ஒன்று இருந்தது. அதை விசா புதுப்பிக்கிற சமயத்தில் மட்டும் வெளியே எடுப்பார்கள். மற்றபடி மெஸ் சமையல்காரர் முதல் எகிப்துக்காரக் கேம்ப் சூப்பர்வைசர் வரை எல்லோருக்கும் அவர் கன்ட்ரிதான். இரண்டாயிரங்களின் நடுவில், தம்மாமுக்கும் அல் கோபாருக்கும் இடையில் இருந்த அந்தக் கேம்ப்புக்கு, ஸ்டோர்ஸ் கிளார்க் வேலைக்கு மாயவரத்திலிருந்து நான் போய் இறங்கிய முதல் நாள், "ஒன்பதாம் நம்பர் ரூம், கன்ட்ரி இருக்கிற ரூம், போ" என்று அனுப்பினார்கள். எங்கள் பக்கம் கன்ட்ரி என்றால் நாட்டுச் சாராயம். இந்த நாட்டில் பாட்டில் மூடியைப் பார்த்தாலே பிடித்துப் போடுவார்கள் என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். வந்த அன்றைக்கே இப்படியா?

உள்ளே போனால், கட்டிலில் சம்மணம் போட்டு ஐம்பது வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கட்டம் போட்ட கைலி. மேலே கை வைத்த பனியன். தலையில் ஒரு பெரிய தொப்பி. மேற்கத்திய சினிமாக்களில் குதிரைமேல் வருகிறவர்கள் போடுவார்களே, விளிம்பு இரண்டு பக்கமும் மடிந்து, அதே தொப்பி. மடியில் நெய் டின்னைக் கவிழ்த்து, பஸ்ஸின் பழைய கிளட்ச் கேபிளைப் புரி பிரித்து, நான்கு கம்பி கட்டிய ஒரு வாத்தியம். அதை டொய்ங்கென்று மீட்டிவிட்டு, "வா தம்பி, எந்த ஊரு? நாய் வளத்துருக்கியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

"சரி விடு. பொண்டாட்டி விட்டுட்டுப் போயிருச்சா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலண்ணே."

"அப்ப உன்னைய வச்சு ஒரு பாட்டும் எழுத முடியாது" என்று வருத்தப்பட்டுவிட்டு, எனக்கு டீ போட எழுந்து போனார்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சிவம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பயப்பிடாதையும் தம்பி. ஆள் தங்கமான மனுசன். பாட்டுத்தான் கோதாரி" என்றார். காதிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து எனக்கும் நீட்டினார்.

கன்ட்ரி அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். எங்களையெல்லாம் விடியற்காலையில் அள்ளிக்கொண்டு போய் சைட்டில் கொட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப அள்ளி வருவார். வெயில் மண்டையைப் பிளக்கும் ஆகஸ்டிலும் தொப்பியைக் கழற்ற மாட்டார். ஒருநாள் டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னார். தொப்பியைப் பார்த்துவிட்டு, "அம்ரீக்கி?" என்றார்.

"நோ. பரமக்குடி."

போலீஸ்காரர் உதட்டைப் பிதுக்கி, "வேன்?" என்றார். அரபியில் எங்கே என்று அர்த்தம். இவர் இருபது வருஷமாக அந்த ஊரில் இருக்கிறவர். ஆனாலும் போலீஸைக் கண்ட பதற்றத்தில் அரபி மொத்தமும் பறந்துபோய், "நோ வேன் சார். பஸ்" என்றார். பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டியும் காட்டினார். போலீஸ்காரர் தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்து, எங்கள் பஸ் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கிளம்ப மனமில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, "யல்லா, யல்லா" என்று அனுப்பினார். அன்று முழுவதும் அண்ணன் தரையில் நிற்கவில்லை.

இந்தத் தொப்பியும் பாட்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் அண்ணன் சாதாரணமாகப் பேசுவார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கூத்தடித்ததே இல்லை.

எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு வயதான அமெரிக்கருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் வேலைக்கு இளவயதில் வந்து அங்கேயே நரைத்துப்போனவர். அண்ணன் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார். வியாழக்கிழமை சாயங்காலமானால் வெள்ளைக்காரர்கள் குடியிருப்பின் கிளப்பில் பெரியவரும் இன்னும் மூன்று கிழவர்களும் சேர்ந்து பாடுவார்கள். நால்வரும் அவர்கள் ஊரில் ஒரு காலத்தில் சந்தைகளிலும் கல்யாணங்களிலும் பாடிப் பேர் எடுத்தவர்களாம். இங்கே அவர்களைக் கேட்க ஆளில்லை. இளவட்டங்கள் எல்லாம் பக்கத்து ஹாலில் டி.வி.யில் பந்து விளையாட்டுப் பார்க்கும். கார் நிறுத்தும் இடத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, பரமக்குடிக்காரர் ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஒரு வார்த்தை புரியாது தம்பி. ஆனா நெஞ்சுல ஏதோ பெசையும். எதுத்தாப்புல நாற்காலிதான் இருக்கும், ஆளு இருக்காது. அப்பவும் நாலு பேரும் தொப்பியத் தொட்டுக் கும்புடு போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாங்க."

ஒருநாள் பெரியவர் சீக்கிரம் வெளியே வந்துவிட்டார். காருக்குள் தன் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு தன் பாட்டையே பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டார். ராகம் அச்சு அசல். வார்த்தை ஒன்றுகூடச் சரியில்லை. சிரித்துச் சிரித்து, முடியாமல், கிழவர் கார்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அதன் பிறகு தினமும் காரிலேயே பாட்டுக்கு அர்த்தம் சொன்னார். அண்ணனுக்குப் புரிகிற ஆங்கிலத்தில். "டாக் டை. ஒய்ஃப் கோ. டிரக் ஸ்டாப்." எந்தப் பாட்டாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்று வந்துவிடும்.

"இந்தப் பாட்டுக்கு என்னா பேருன்னு கேட்டேன். கன்ட்ரின்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம ஊருல கன்ட்ரின்னா என்னா, அவரு சொல்றது என்னா!"

பெரியவர் ஒரேயடியாக ஊர் திரும்பிய அன்று தொப்பியைக் கழற்றி அண்ணன் தலையில் வைத்து, "கீப் கோயிங்" என்றாராம். "நான் வண்டியச் சொல்றாருன்னு நெனச்சு வேகமா ஓட்டுனேன் தம்பி. ஏர்போட்டுல விட்டுட்டுத் திரும்பி வரயிலதான் வெளங்குச்சு, அவரு பாட்டச் சொல்லிருக்காருன்னு." இதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

அன்றிலிருந்து அண்ணன் பாட்டை விடவில்லை. பாட்டும் எங்களை விடவில்லை. குளிக்கும்போது பாடுவார், கைலி காயப்போடும்போது பாடுவார், பருப்பு வேகிறவரை பாடுவார். நடு நடுவே தொண்டையை உடைத்து, கீழ்க்குரலிலிருந்து மேல்குரலுக்குத் தாவி, "லேயீ... லேயீ... லேயீஹூ..." என்று ஒன்று வரும். முதல் தடவை அதைக் கேட்ட அன்று, யாருக்கோ கரன்ட் ஷாக் அடித்துவிட்டது என்று நான் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினேன்.

ஆனால் அந்த லேயீஹூவுக்கு ஒரு உபயோகமும் இருந்தது. எங்கள் பஸ்ஸில் ஹார்ன் கெட்டுப்போயிருந்தது. சரிபண்ணித் தருகிறோம் என்று கராஜில் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார் அண்ணன். விடியற்காலையில் பஸ் படியில் நின்று, தொப்பியைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லேயீஹூ கொடுப்பார். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷோடும், சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் ஒரு கையோடும் ஓடி வருவான். அந்தச் சத்தம் இருந்தவரை ஒருத்தரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை.

சொந்தமாகவும் பாட்டுக் கட்டுவார். அதில் ஒரு தத்துவச் சிக்கல் வந்தது. "வண்டி, நாயி, விட்டுட்டுப் போன பொண்டாட்டி. மூணும் இருந்தாத்தான் கன்ட்ரி. எங்கிட்ட வண்டி இருக்கு. நாயி இல்ல, சரி, பொய்யாச் சேத்துக்கலாம். ஆனா ராக்கு என்னைய விட்டுட்டுப் போகலையே தம்பி. விட்டுட்டு வந்தது நான்ல?"

ராக்கு அவர் மனைவி. ராக்காயி என்பதன் செல்லச் சுருக்கம். அண்ணன் கன்ட்ரி, அண்ணி ராக்கு, மேற்கத்தியச் சங்கீதத்தில் இரண்டு வகையும் ஒரே வீட்டில் என்று நான் ஒருநாள் கேலி செய்தேன். அவருக்கு ஜோக் புரியவில்லை. "அவ பாட மாட்டா தம்பி. அவ அப்பன்தான் பாடுவாரு" என்றார்.

அந்த அப்பா சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் விடிய விடியப் பாடி ஊரையே கட்டிப்போட்டவர். பாட்டும் கன்ட்ரி, குடித்ததும் கன்ட்ரி. அந்தக் குடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் பெண் பார்க்கப் போன அன்று ராக்கு அக்கா நகை கேட்கவில்லை, நட்டுக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாராம். "வாசனைக்குக்கூடத் தொடக் கூடாது. தொட்டா அன்னையோட பேச்சு வார்த்த முடிஞ்சிச்சு." அண்ணன் சரி என்றார். அவ்வளவுதான், கல்யாணம்.

வருஷத்துக்கு ஒரு மாத லீவு போக, அவர்களுடைய குடித்தனம் முழுக்க வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில்தான் நடந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் தலையைப் படிய வாரிக்கொள்வார். போனுக்கு எதற்குத் தலை வாரணும் என்று கேட்டால் முறைப்பார். பரமக்குடி வீட்டில் நம்பர் காட்டுகிற லேண்ட்லைன் ஒரு மணி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிடுவார்கள். ஆட்டுக்குட்டி, வாய்க்கால் தண்ணீர், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் ஓடும். போனை வைத்த பிறகு அந்தக் கட்டிலில் ஒரு சந்தோஷம் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு போன்தான் மனிதரை வாரம் முழுக்க ஓட்டியது. வினை பிறகு ஒரு போஸ்டர் வடிவில் வந்தது.

அண்ணனுக்கு ஒரு கச்சேரி வைக்க ஆசை. சும்மா இல்லை, பெரியவர்போலத் தொப்பியைத் தொட்டு, ஆனால் ஆள் கூட்டி, முறையாக. எங்களிடம் சொல்லாமல், ஒரு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் எழுதி மெஸ் சுவரில் ஒட்டிவிட்டார். 'வெள்ளி மாலை நாலு மணிக்கு ரூம் நம்பர் ஒன்பதில் கன்ட்ரி. அமெரிக்காவில் இருந்து வந்தது. அனுமதி இலவசம். அனைவரும் வருக.'

நான் மெஸ்ஸுக்குப் போய்ப் படிப்பதற்குள் அது மூன்று பிளாக்குக்கும் பரவிவிட்டிருந்தது. கன்ட்ரி என்பது ஒரு பாட்டின் பெயர் என்று எங்கள் ரூமைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

நாலு மணிக்கு நாலு ஆள் வருவார்களா என்று அண்ணன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். மூன்றரைக்கே வராண்டா நிரம்பிவிட்டது. எல்லோரும் குளித்து, சென்ட் அடித்து, பயபக்தியோடு வந்திருந்தார்கள். ஒருவன் கையில் வறுத்த கடலை, ஒருவன் கையில் எலுமிச்சை ஊறுகாய். இன்னொருவன் சோடா. அவித்த முட்டையை மிளகு தூவி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தவன் மாரிமுத்து. புதிதாக வந்த பைப் ஃபிட்டர், அண்ணனுக்குப் பக்கத்து ஊர்க்காரன். எல்லோரும் சட்டைப்பையில் ஒரு டம்ளர் ஒளித்துவைத்திருந்தார்கள்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா தம்பி ரசிகருங்கள! பாடுறவனுக்குப் பசிக்கும்னு பலகாரத்தோட வந்துருக்காக!"

சிவம் அண்ணை என் காதில், "ஐயோ, இது வேற கச்சேரியெண்டு நினைச்செல்லோ வந்திருக்கினம்" என்றார். அதற்குள் அண்ணன் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போட்டுவிட்டார்.

முதல் பாட்டு முடிந்தது. கூட்டம் பொறுமையாக இருந்தது. சரக்கு வருவதற்கு முன்னால் இப்படி ஒரு மறைப்பு ஏற்பாடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டில் மாரிமுத்து டம்ளரை லேசாக வெளியே எடுத்துத் தட்டினான். அண்ணன் அவன் தாளம் போடுகிறான் என்று பூரித்துப்போய் இன்னும் இரண்டு சரணம் கூட்டினார். மூன்றாவது லேயீஹூவில் அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, பாட்டெல்லாம் சரி. கன்ட்ரி எப்ப வரும்?"

"இதான்ப்பா கன்ட்ரி!"

"எது?"

"இப்பப் பாடுனேன்ல, அது!"

அந்த வராண்டாவில் விழுந்த அமைதியை நான் இன்றுவரை வேறெங்கும் கேட்டதில்லை. இதற்கிடையில் யாரோ மொழிபெயர்த்துச் சொல்லி, எகிப்துக்காரச் சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடி வந்து, டம்ளர் டம்ளராக மோந்து பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. "மாஃபி?" என்றார், ஒன்றுமே இல்லையா என்று அரபியில். "மாஃபி" என்றது கூட்டம், அவரைவிடச் சோகமாக. அவர் அங்கேயே உட்கார்ந்து கடலையைத் தின்றுவிட்டுப் போனார்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மாரிமுத்து மறுநாள் ஊருக்குப் போன் பேசும்போது இந்தக் கதையை அவன் அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். லைன் சரியில்லை. பாதி காற்றில் போய்விட்டது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்: 'ராக்கு புருசனுக்கு அங்க பேரே கன்ட்ரியாம். வெள்ளிக்கிழமையானா ரூமுல கன்ட்ரியாம். ஊறுகாய், முட்டையெல்லாம் வச்சு ஊரையே கூட்டுறாராம்.' இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் தலை வாரிக்கொண்டு போன் போட்டார். ஒரு மணியில் எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார்கள். "எங்கப்பனோட இந்தக் கருமம் முடிஞ்சிச்சுன்னு நெனச்சேன்" என்று ஒரு குரல். டக்கென்று வைத்துவிட்டார்கள். அண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்கடுத்த வாரம் எடுக்கவே இல்லை. மாரிமுத்து விஷயத்தை ஒப்புக்கொண்டு, தலைதலையாக அடித்துக்கொண்டு, தானே பேசுகிறேன் என்று ராக்கு அக்காவுக்குப் போன் போட்டான். "கூட உக்காந்து குடிக்கிறவன் நல்லவன்னுதான் சொல்லுவான்" என்று அவனுக்கும் வைத்தார்கள்.

சரி, ஆபீஸில் வேலை பார்க்கிறவன் பேசினால் மரியாதையாக இருக்கும் என்று நான் கூப்பிட்டேன். "அக்கா, கன்ட்ரின்னா அமெரிக்காவுல ஒரு வகைப் பாட்டு. அண்ணன் குடிக்கிறதில்ல. பாடுறார், அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"பாடுறாரா?"

"ஆமாக்கா. சத்தம் போட்டு."

"எங்கப்பனும் குடிச்சாத்தான் தம்பி பாடுவான்." டக்.

அதாவது, சந்தேகமாக இருந்ததை நான் சாட்சி சொல்லி உறுதிப்படுத்திவிட்டேன்.

அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டார். தொப்பியை அலமாரிமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். நெய் டின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பஸ்ஸுக்கு ஹார்ன் மாட்டச் சொல்லிவிட்டார். அது பாம், பாம் என்று அடித்தது. முதல் வாரத்திலேயே ஏழெட்டுப் பேர் பஸ்ஸைக் கோட்டை விட்டார்கள். ரூமில் பருப்பு மட்டும் தனியாகக் கொதித்தது. இத்தனை காலம் அமைதி வேண்டும் அமைதி வேண்டும் என்று கேட்ட சிவம் அண்ணை காதுப் பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, "மனுசன் பாடேக்க இருந்த கஷ்டத்தை விடப் பாடாமல் இருக்கேக்கதான் கூடக் கஷ்டமாக் கிடக்கு. ஏதாவது செய்ய வேணும்" என்றார்.

யோசனையும் அவருடையதுதான். "நாங்கள் கதைச்சுச் சரிவராது. பாட்டையே மனுசிக்குப் பாடிக் காட்டட்டுமன்."

அண்ணன் பதறிவிட்டார். "அவகிட்டயா? ஐயய்யோ! கல்யாணத்தன்னைக்கு மாமனாரோட கூடப் பாடுனவுக ஒரு பாட்டுப் பாடு மாப்பிளேன்னாக. நான் வாயே தொறக்கல. இத்தன வருசத்துல அவ முன்னாடி ஒரு முணுமுணுப்புக்கூட நான் பாடுனதில்ல. அது பெரிய பாட்டுக்காரரு வீடு தம்பி."

"அண்ணே, கேட்க ஆளே இல்லாத இடத்துல பெரியவர் பாடினார்னு சொன்னீங்களே?"

அவர் என்னை முறைத்தார். பிறகு அலமாரி பக்கம் பார்த்தார். எழுந்து போய், தொப்பியில் இருந்த தூசியை ஊதினார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்பதாம் நம்பர் ரூமில் மூச்சுவிட இடமில்லை. கடலை இல்லை, ஊறுகாய் இல்லை, டம்ளர் இல்லை. மாரிமுத்து மூலையில் கைகூப்பி நின்றான். அண்ணன் நம்பரிலிருந்து போனால் எடுக்க மாட்டார்கள் என்று என் மொபைலிலிருந்து போட்டு, ஸ்பீக்கரில் வைத்தோம்.

"அலோ, யாரு?"

அண்ணன் பேசவில்லை. தொப்பியைத் தொட்டு, என் போனுக்கு ஒரு கும்பிடு போட்டார். டொய்ங். குரல் சுதியில் நிற்கவில்லை.

"வண்டி எனக்கு இருக்குதடி, வளத்த நாயி செத்ததடி,
விட்டுப் போன ஆளு யாரு? வெவரம் கேட்டா நான்தான்டி.
லேயீ... லேயீ... லேயீஹூ...

தண்ணி இல்லா ஊருக்குள்ள தாகத்தோட நிக்கிறேன்டி,
வெள்ளிக்கெழம ஒம் பேச்சு, அதான்டி என் தண்ணி..."

தண்ணி என்ற வார்த்தை வந்ததும் மாரிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சிவம் அண்ணை கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்க, இந்த நேரத்தில் போயும் போயும் அதுதானா கிடைத்தது இந்த மனிதருக்கு! கடைசி லேயீஹூ மேலே ஏறும்போது பிடி நழுவி, இருமலில் போய் முடிந்தது.

போனில் சத்தமே இல்லை. வைத்துவிட்டார்களோ என்று குனிந்து பார்த்தேன். லைன் இருந்தது. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது.

"நம்மகிட்ட ஏது நாயி?" என்றது ராக்கு அக்காவின் குரல்.

"அது... பாட்டுக்கு வேணும் புள்ள. அது இல்லாட்டி கணக்குல வராது."

"இதான் உங்க கன்ட்ரியா?"

"இதான்."

அந்தப் பக்கம் மறுபடியும் ஆடு கத்தியது. அண்ணனின் நெற்றி வேர்வை தொப்பி விளிம்பிலிருந்து சொட்டியது.

"எங்கப்பன் குடிச்சாருன்னா சுதி அப்படியே கம்பி மாரி நிக்கும். ஒரு எடத்துல வெலகாது. குடிகாரன் பாட்டக் கேட்டே வளந்தவ நான். எனக்குத் தெரியாதா?" அக்கா ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "குடிச்சவன் இவ்வளவு மோசமாப் பாட மாட்டான். இது பச்சத்தண்ணி குடிச்சவன் பாட்டு."

ஒன்பதாம் நம்பர் ரூம் வெடித்தது. மாரிமுத்து கட்டில்மேல் ஏறிக் குதித்தான். இரண்டு பேர் அண்ணனைத் தூக்கிவிட்டார்கள். ஒரு பாடகனுக்கு வாழ்நாளில் இதைவிட மோசமான விமர்சனம் கிடைத்திருக்க முடியாது. அந்த மனிதர் அதைக் கேட்டு, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்னங்க, இருக்கீகளா?"

"இருக்கேன் புள்ள."

"அந்தத் தண்ணின்னு வருதுல்ல, அந்த அடிய மட்டும் இன்னொருக்காப் பாடுங்க."

நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உள்ளேயிருந்து அந்த அடி ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டது. மறுநாள் காலையில் ஹார்னின் வயரை அண்ணனே பிடுங்கிப் போட்டுவிட்டார்.

வயதாகி, விசா முடிந்து, அவர் ஒரேயடியாகக் கிளம்பியபோது நெய் டின்னை எங்கள் ரூமுக்கு விட்டுவிட்டு, தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஏர்போர்ட்டில் எல்லோரையும் கட்டிப்பிடித்து, "கீப் கோயிங்" என்றார். பஸ்ஸை ஓட்டி வந்த புதுப் பையன், வண்டியை எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து எங்களை விட்டுவிட்டே கிளம்பப் பார்த்தான்.

அவர் போன பிறகும் எங்கள் கேம்ப்பில் பஸ்ஸுக்கு ஹார்ன் அடிக்கிற வழக்கம் வரவில்லை. யார் முதலில் பஸ்ஸில் ஏறுகிறானோ அவன் படியில் நின்று ஒரு லேயீஹூ கொடுப்பான். அரியலூர்க்காரன் கொடுப்பான், பெஷாவர்க்காரன் கொடுப்பான், நேபாளி கொடுப்பான். நேபாளியுடையது உண்மையிலேயே அருமையாக இருக்கும். ஒருநாள் புதிதாக வந்த கள்ளக்குறிச்சி வெல்டர் ஒருவன் தொப்பியே இல்லாத நெற்றியைத் தொட்டுக் கும்பிடு போட்டுவிட்டுக் கத்தியதைப் பார்த்து, "இதை யாருப்பா ஆரம்பிச்சது, தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாரோ ஒரு அமெரிக்காக்காரராம் சார். பெரிய பாட்டுக்காரராம்."

யோசித்துப் பார்த்தால் அதுவும் பொய் இல்லை. "ஆமா. அவருக்கும் நமக்கும் நடுவுல ஒரு பரமக்குடிக்காரர் இருந்தார்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மொபைல் அடித்தது. பரமக்குடி நம்பர்.

"தம்பி, ராக்கு அக்கா பேசுறேன். நல்லாருக்கியா? உங்க அண்ணனப் பத்தி ஒண்ணு கேக்கணும். வந்ததுலருந்து பாட்டு, பாட்டு, பாட்டு. ஆட்டுக்குப் புல்லுப் போட்டா ஒரு பாட்டு, புல்லுத் தின்னா ஒரு பாட்டு. பால்காரன் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேங்குறான். இத்தன வருசம் எப்படித் தம்பி பொறுத்துக்கிட்டீக?"

"போகப் போகப் பழகிடும்க்கா."

"பழகித்தான போச்சு. அதான் போனு போட்டேன்." குரல் இறங்கியது. "ரெண்டு நாளாத் தொண்ட கட்டிக்கிட்டுச் சத்தமே இல்லாமப் படுத்துருக்காரு. வைத்தியருகிட்டக் காட்டிட்டேன், ஒண்ணும் இல்ல, சரியாயிரும்னாரு. ஆனா வீடு வெறிச்சுன்னு கெடக்கு தம்பி. எனக்குத் தூக்கமே வரல."

எதிர்க்கட்டிலைப் பார்த்தேன். அதில் வேறு யாரோ படுத்திருந்தார். அமைதியான, நல்ல மனிதர்.

"இங்கயும் அப்படித்தான்க்கா இருக்கு" என்றேன்.